பதிவிறக்கம் நின்ற இடம்

வீட்டுக் கணினி என்பது, வாங்கிய ஆண்டில் வரவேற்பறையில் வீற்றிருந்து, பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளியூர் சென்றபின் படுக்கையறை மூலைக்குப் பெயர்ந்து, ஆயுத பூசையன்று மட்டும் தவறாமல் சந்தனமும் குங்குமமும் பெற்றுவரும் சாதனம் ஆகும். இச்சாதனத்துக்கு முதுமையில் வரும் கோளாறுகளுள் தலையாயது, இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கிய கோப்பு முழுமையாக வந்து சேராமல் நின்றுவிடுவது. கோளாறைக் காட்டிலும் ஆய்வுக்குரியது அதற்குக் குடும்பத்தார் கண்டறியும் காரணமே. ஏனெனில் எந்த வீட்டிலும், எந்தக் கோப்புக்கும், எந்தப் பருவத்திலும் அக்காரணம் “நெட் ஸ்லோ” என்பதாகவே இருந்துவருகிறது. இத்தீர்ப்பில் இரண்டு வசதிகள் உண்டு: குற்றவாளி வீட்டுக்கு வெளியே இருக்கிறான், அவன் எதிர்வாதம் செய்ய வருவதுமில்லை.

பழைய கணினி என்று இங்குக் குறிக்கப்படுவது, விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 இயங்குதளத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதாகும். முன்னது 2001 அக்டோபரில் வெளிவந்து 2014 ஏப்ரல் 8 அன்றும், பின்னது 2009-இல் வெளிவந்து 2020 ஜனவரி 14 அன்றும் தயாரிப்பாளரின் ஆதரவை இழந்தன. ஆதரவு இழத்தல் என்பது பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா என்பதைக் குறிக்குமேயன்றிக் கணினி நின்றுபோகும் என்பதைக் குறிக்காது. ஆகவே சீட்டாட்டம் திறக்கிறது, பழைய பாடல்கள் பாடுகின்றன, மின்கட்டண ரசீதின் நகல் திறக்கிறது என்பதைக் கண்ட குடும்பம், இப்படி ஓடும் கணினியிடம் குறை இருக்க வாய்ப்பில்லை என்று முடிவுகட்டுகிறது.

பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரியும் மருமகனிடம் தொலைபேசியில் முறையிட்டால், “மாமா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்ற கேள்வியே முதலில் வரும். எத்தனை விழுக்காட்டில் நிற்கிறது என்று அவர் கேட்பதில்லை, மாமாவும் சொல்வதில்லை. இந்த விசாரணையில் கேட்கத்தக்க ஒரே கேள்வி அதுதான். தொடக்கத்திலேயே மறுக்கப்படும் பதிவிறக்கமும், நடுவழியில் நினைத்த இடத்தில் அறுந்துபோவதும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பதும், 99-இல் உறைந்துபோவதும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்பவை. அவற்றுள் இணைய வேகத்துக்குத் தொடர்புடையது ஒன்றே.

தொடக்கத்திலேயே மறுக்கப்படும் வகையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கணினிப் பெட்டியின் உள்ளே, மதர்போர்டு எனப்படும் முதன்மைச் சுற்றுப்பலகையின் ஓர் ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த வட்டத்தில், சிஆர் 2032 என்று முதுகில் பொறிக்கப்பட்ட 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதியையும் நேரத்தையும் எண்ணிக்கொண்டிருப்பதே அதன் பணி. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அந்த வேலைக்கு மின்சாரமே போதும். ஆனால் வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, உறையிட்டு மூடும் சிக்கன வழக்கமுள்ள வீடுகளில் பேட்டரி இரவுபகலாகத் தனியே உழைத்துச் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. அது ஓய்ந்தபின் கணினி எழும் ஒவ்வொரு காலையும், பலகையின் தயாரிப்பாளர் குறித்துவைத்த தொடக்க நாளாக, அதாவது 2002 ஜனவரி 1 ஆகவோ, சில பலகைகளில் 1980 ஜனவரி 1 ஆகவோ விடிகிறது.

இதற்கும் பதிவிறக்கத்துக்கும் உள்ள தொடர்பு, பாதுகாப்புச் சான்றிதழ் என்னும் ஏற்பாட்டில் இருக்கிறது. இணையதளம் ஒவ்வொன்றும் தன்னை இன்னார் என்று மெய்ப்பிக்கும் சான்றிதழ் ஒன்றை உலாவியிடம், அதாவது இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளிடம், முதலில் நீட்ட வேண்டும். அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். இக்காலத்தில் 90 நாட்களே செல்லுபடியாகும் சான்றிதழ்கள் பெருவழக்காக உள்ளன. 2002-இல் வாழும் கணினியிடம் சென்ற மாதம் வழங்கப்பட்ட சான்றிதழை நீட்டுவது, இன்னும் பிறக்காத ஒருவர் தம் ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துக் காவலரிடம் நீட்டுவதற்கு ஒப்பாகும். காவலர் மறுப்பதில் குற்றம் காண இயலாது. சில உலாவிகள் கடிகாரம் பின்தங்கியுள்ளது என்ற காரணத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லியும் விடுகின்றன. அதைப் படித்த உரிமையாளர் நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். அது சரியாக ஓடுவதைக் கண்டு, கணினிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு செய்கிறார். தேதியை இணையத்திலிருந்தே சரிசெய்துகொள்ளும் வசதி எக்ஸ்பியில் இருக்கிறதே என்று விவரமறிந்தோர் வினவலாம். இருக்கிறது, ஆனால் தேதி தவறாக இருக்கும் கணினிக்கு அவ்வசதி நேரத்தைத் திருத்தித் தராது, தேதி பொருந்தவில்லை, ஆகவே பாதுகாப்பை முன்னிட்டு மறுக்கப்படுகிறது என்று அறிவிக்கும். அரசு அலுவலக வரிசைகளில் நின்று பழகியோருக்கு இந்தத் தருக்கம் புதிதன்று.

மாற்றுப் பேட்டரி கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளிலேயே கிடைக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றி, பேட்டரியை அழுத்திப் பிடித்திருக்கும் சிறு உலோகக் கொக்கியை நகத்தால் விலக்கினால் பழையது தானே துள்ளி வெளிவரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்தி, தேதியைக் கையால் ஒருமுறை திருத்தினால் வேலை முடிந்தது. துள்ளி வந்த பழையதைக் குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, இக்கட்டுரையில் விளையாட்டில்லாமல் சொல்லப்படும் ஒன்று.

தேதி சரியாக இருந்தும் தொடக்கத்திலேயே மறுப்பு வருமானால், இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் மறைமொழியின் பதிப்பு பழையதாக இருக்கக்கூடும். டிஎல்எஸ் எனப்படும் அம்முறையின் 1.0 பதிப்பு 1999-இலும், 1.2 பதிப்பு 2008-இலும் வெளிவந்தன, 1.0, 1.1 இரண்டும் பயன்பாட்டுக்கு உரியவை அல்ல என்று 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டன. மேலும் சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் இருக்கும். அப்பட்டியலில் பலராலும் சார்ந்திருக்கப்பட்ட ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, அதற்கு முதல்நாள்வரை திறந்துகொண்டிருந்த தளங்கள் பழைய கருவிகள் பலவற்றில் மறுநாள் திறக்க மறுத்தன. அன்றும் “நெட் ஸ்லோ” என்றே சொல்லப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

நடுவழியில், ஒருநாள் 12-இலும் மறுநாள் 61-இலுமாக அறுந்துபோகும் வகையே உண்மையில் இணைப்பைச் சார்ந்தது. மழையில் நனைந்த செம்புக்கம்பி, ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் பீரோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையோடு மோதும் மைக்ரோவேவ் அடுப்பு என்று இதற்குப் பல காரணங்கள் உள்ளன. எனினும் ரவுட்டரின் விளக்கு இரவெல்லாம் கண்சிமிட்டுவதைப் பொறாமல், படுக்கப்போகும் முன் அதன் சுவிட்சை அணைத்துவிடும் இல்லத்தரசியைப் பற்றித் தொழில்நுட்ப நூல்கள் ஏனோ மௌனம் சாதிக்கின்றன. இரவில் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு உறங்கச் செல்லும் கணவரும், அவர் உறங்கியபின் சுவிட்சை அணைக்கும் மனைவியும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் இல்லறம் நடத்தியிருக்கக்கூடும்.

அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி, 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 என்னும் தகவல்பரிமாற்ற விதிமுறையிலேயே இருக்கிறது: மிச்சமுள்ள பகுதியை மட்டும் அனுப்புக என்று கணினி கேட்க, வழங்கும் கணினி 206 என்னும் குறியெண்ணோடு அப்பகுதியை மட்டும் அனுப்பும். வழங்கும் கணினிக்கு அவ்வசதி இல்லையென்றாலோ, சுட்டி குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகும் வகையைச் சேர்ந்ததென்றாலோ, மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான். பதிவிறக்க மேலாண்மை மென்பொருள்கள் இவ்வசதியைக் கொண்டே செல்வாக்குப் பெற்றன. அவற்றை முதலில் பதிவிறக்க வேண்டியிருந்தது என்பதுதான் இடர்ப்பாடு.

இனி, ஆய்வாளருக்கு மிகுந்த மனநிறைவு தரும் வகை வருகிறது. ஐந்தரை ஜிபி அளவுள்ள கோப்பு ஒன்று, நள்ளிரவில் தொடங்கினாலும், விடியற்காலையில் தொடங்கினாலும், இராகு காலம் கழித்துத் தொடங்கினாலும், ஏறத்தாழ 78 விழுக்காட்டில் வந்து நின்றுவிடுகிறது. நின்றதோடு வன்தட்டில் இடமில்லை என்றும் அறிவிக்கிறது. உரிமையாளர் போய்ப் பார்த்தால் 60 ஜிபி காலியாகக் கிடக்கிறது. இணைய நிறுவனம் தமக்கெதிராகத் திட்டமிட்டுச் செயல்படுகிறது என்னும் ஐயம் முற்றி நம்பிக்கையாவது இக்கட்டத்தில்தான்.

இதன் விடை ஃபேட்32 என்னும் கோப்பு முறைமையில் உள்ளது. கோப்பு முறைமை என்பது, எந்தக் கோப்பு வன்தட்டில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கணினி எழுதிவைக்கும் பதிவேட்டின் அமைப்பு. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த ஃபேட்32, ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதுவதற்கு 32 பிட் அகலமுள்ள கட்டத்தை ஒதுக்கியது. அக்கட்டத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒரே ஒரு பைட்டு வந்தாலும் எழுத இடமில்லை. ஆகவே இடமில்லை என்று கணினி சொன்னது பொய்யன்று. வன்தட்டில் இடம் இருக்கிறது, அளவை எழுதும் கட்டத்தில் இடம் இல்லை. எந்த இடம் என்று விளக்கும் பண்பு மட்டுமே அதனிடம் குறைவு. கன்வர்ட் என்னும் கட்டளையால் அந்தப் பகுதியை, உள்ளிருக்கும் கோப்புகளை அழிக்காமலே, என்டிஎஃப்எஸ் என்னும் பெரிய முறைமைக்கு மாற்றிவிடலாம். முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு மாற்றுவது நல்லது.

ஒரே இடத்தில் நிற்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உள்ளூர்க் கடையில் கணினியை அசெம்பிள் செய்து தந்தவர், 80 ஜிபி வன்தட்டை அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாகப் பிரித்து, இயங்குதளம் குடியிருக்கும் சி டிரைவுக்கு மிகச் சிறிய பங்கை ஒதுக்கி, டி டிரைவுக்குச் சாங்ஸ் என்றும் ஈ டிரைவுக்கு மூவிஸ் என்றும் பெயரிட்டுச் சென்றிருப்பார். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியோ, கோப்பை ஈ டிரைவில் வை என்று சொன்னாலும் முதலில் சி டிரைவின் தற்காலிக அறையில் முழுவதையும் இறக்கிவைத்து, அதன் பின்னரே ஈ டிரைவுக்குத் தூக்கிச் செல்லும் வழக்கமுடையது. சி நிரம்பினால், ஈயில் எவ்வளவு காலியிடம் இருந்தும் பயனில்லை.

99-இல் உறைந்துபோவது பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. நகரும் பட்டை வந்துசேர்ந்த பைட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. வந்தபின் வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பிரித்துச் சோதிப்பதையும், தற்காலிக அறையிலிருந்து தூக்கிச் செல்வதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருந்தால் ஒன்று சோதிப்பதை மற்றொன்று ஐயுற்றுச் சோதிக்க, நேரம் இரட்டிப்பாகும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் காட்டிகளைக் கணினிப் பயனர்கள் விரும்புகின்றனர் என்று பிராட் மையர்ஸ் என்னும் ஆய்வாளர் 1985-இல் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். காட்டி 99-இல் நிற்கும்போதும் அவ்விருப்பம் நீடிக்கிறதா என்பதைப் படுக்கையறை மூலைகளில் ஆராய்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

முழுமையாக இறங்கியும் திறக்க மறுக்கும் கோப்பு தனி வகை. தளம் வெளியிட்டிருக்கும் ஷா-256 என்னும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியோடு, இறங்கிய கோப்பின் குறியை ஒப்பிட்டால் கோப்பு சிதைந்ததா என்பது தெரியும். ஒரே கோப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியைக் காட்டினால், ரேம் எனப்படும் நினைவகப் பட்டை மீது ஐயம் கொள்ளலாம். இதற்குப் பழுதுபார்ப்போர் கைக்கொள்ளும் முறை, அப்பட்டையைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிப்பிள்ளையின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவதாகும். பற்களில் படிந்த மாசு அகன்று தொடர்பு சீராவதால் இது பலமுறை பலனளிக்கிறது. தேய்த்த ரப்பருக்குத் தனிக்கட்டணம் வாங்குவோரும் உளர்.

எல்லா ஆய்வையும் கேட்டுமுடித்த பழுதுபார்ப்பவர் இறுதியில், “ஃபார்மட் அடிச்சிரலாம் சார், பேசாம லினக்ஸ் போட்ருவோம்” என்கிறார். வன்தட்டைத் துடைத்துப் புதிதாக இயங்குதளம் ஏற்றுவதை அவர் குறிக்கிறார். பழைய கணினிகளுக்கென்றே அமைந்த இலகுவான லினக்ஸ் தொகுப்புகள் இருப்பதால் யோசனை தவறன்று. ஆனால் பலரும் பெயர் அறிந்த உபுண்டுவின் 24.04 பதிப்பு 5 ஜிபியைத் தாண்டுகிறது. அதுவும் 64 பிட் கணினிகளுக்கே உரியது. அதை வேறொரு வீட்டில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவர முயன்றால், பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32-ஆகவே விற்கப்படுவதால், அங்கேயும் அதே கட்டத்தில் இடமில்லை. எக்ஸ்ஃபேட் என்னும் புதிய முறைமைக்குப் பென் டிரைவை மாற்றினால் கோப்பு ஏறிவிடும். ஆனால் எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரிய வேண்டுமானால் அதற்கெனத் தயாரிப்பாளர் வெளியிட்ட திருத்தம் ஒன்றை நிறுவ வேண்டும், அத்திருத்தத்தைப் பதிவிறக்க வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றிய பென் டிரைவை எக்ஸ்பி மறுபேச்சில்லாமல் படிக்கும். மருமகன் பொங்கலுக்கு ஊர் வரும்போது அதையும், ஒரு சிஆர் 2032-ஐயும் வாங்கிவருமாறு சொல்லப்பட்டிருக்கிறது.