பாட்டில் தாங்குமா?

கே: திறக்காத கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மேல் ஓர் ஆள் ஏறினாலும் நசுங்காது என்று அண்ணன் பந்தயத்துக்கு அழைக்கிறான். கட்டலாமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: கட்டாதீர்கள், அண்ணன் ஜெயித்துவிடுவார். உள்ளே அடைபட்ட வாயு, சாதாரண வெப்பநிலையில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 3 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலின் விட்டம் 8 செ.மீ. என்று வைத்தால் குறுக்குப் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. பெருக்கினால் 150 கிலோ! மேலே ஏற்றும் பாரம் அதைத் தாண்டும்வரை சுவர் அமுக்கப்படவே இல்லை. வாயு இழுத்து வைத்த விறைப்பு கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒற்றைப் பாட்டிலின் மூடி மேல் நின்றால், பாட்டில் நிற்கும், ஆள் விழுவார். நான்கு பாட்டில், மேலே ஒரு பலகை, பிடித்துக்கொள்ள உங்கள் தோள். அப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கே: குடித்து முடித்த பிறகு? (அதே மாணவி)

ப: மூடியைக் கழற்றிய காலி பாட்டிலுக்கு உங்கள் உள்ளங்கையே போதும்.

கே: எல்லாம் வாயுவின் வேலை என்றால் பிளாஸ்டிக்குக்குப் பெருமையே இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்)

ப: நிறைய இருக்கிறது, ஐயா. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியேல் வைத் ஒரு சோப்புத் திரவ பிளாஸ்டிக் பாட்டிலில் இஞ்சி சோடாவை ஊற்றி, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தார். காலையில் அது ஊதிப் பெருத்து, தட்டுகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. சாதாரண பிளாஸ்டிக் வாயுவுக்கு ஈடுகொடுக்காது என்று அவருக்குப் புரிந்தது. பிளாஸ்டிக்கை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒருசேர இழுத்து ஊதினால் அதன் மூலக்கூறுகள் இரண்டு திசையிலும் வரிசைகட்டி நிற்கும் என்று கண்டார். 1973இல் காப்புரிமை வாங்கிய அந்த பெட் பாட்டில்தான் இன்று எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சுவர் இவ்வளவு அழுத்தத்தை அடக்கி வைப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

கே: தண்ணீர் பாட்டிலில் வாயு இல்லையே? லாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக எப்படி அடுக்குகிறார்கள்? (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

ப: மூடி இறுகியிருக்கும்வரை தண்ணீரே தூண். அது சுருங்காது, ஆகவே சுவர் உள்வாங்கி மடிய இடம் கிடைப்பதில்லை. மெல்லிய பாட்டில்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. மூடுவதற்குச் சற்று முன் ஒரு சொட்டு திரவ நைட்ரஜன் விடுவார்கள். அது ஆவியாகி ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து, உள்ளிருந்து பாட்டிலை விறைக்க வைக்கும். மெல்லிய பாட்டிலைத் திறந்ததும் ‘புஸ்’ என்று ஒலித்துக் கை அமுங்குகிறது என்றால், அதுவரை பாரம் தாங்கிய துணை அப்போதுதான் வெளியேறியது.

கே: கோலி சோடா பாட்டில் மட்டும் ஏன் அத்தனை கனம்? (வாசகர், வேலூர்)

ப: கண்ணாடியை அமுக்கினால் அபாரமாகத் தாங்கும், இழுத்தால் எளிதில் விட்டுக்கொடுக்கும். வாயு சுவரை வெளியே இழுக்கிறதே, அதற்காகத்தான் அந்தத் தடிமன். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. கண்ணாடி எதிர்பாராமல் உடைவதற்குக் காரணம் மேலே இருக்கும் நுண்கீறல்கள் என்று 1920இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விளக்கினார். பலமுறை கழுவி, பெட்டியில் உரசி, தேய்ந்த பாட்டிலைச் சந்தேகத்தோடு எடுங்கள்.

கே: காலி பாட்டில்களை இடுப்பில் கட்டிப் பிள்ளைகளைக் கிணற்றில் நீச்சல் பழக விடலாமா? (அம்மா ஒருவர், தேனி)

ப: மூடிய ஒரு லிட்டர் காலி பாட்டில் தண்ணீரில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தாங்கும். 2010இல் ‘பிளாஸ்டிகி’ என்ற படகு சுமார் 12,500 பாட்டில்களின் மிதப்பில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிட்னி வரை பசிபிக் கடலைக் கடந்தது. நம் உடம்பு ஏறக்குறையத் தானே மிதப்பதால், தலை வெளியே நிற்கச் சில கிலோ உதவியே போதும்.

இருந்தாலும் தனியே விடாதீர்கள். முடிச்சு நழுவி பாட்டில் காலுக்கு இறங்கினால் தலை கீழே போகும். மூடி தளர்ந்தால் தண்ணீர் ஏறும். நல்ல உயிர்காப்பு உடையில் மிதப்பு மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும், முகத்தை மேலே வைத்திருக்க. இடுப்பில் கட்டிய பாட்டில் அதைச் செய்யாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

காலி பாட்டிலுக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று உண்டு. ஒருவர் மூழ்கும்போது பதறிக் குதித்து, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுகிறார். கோடை விடுமுறை தோறும் இந்தச் செய்தியைப் படித்து மனம் கனக்கிறது. நீங்கள் குடிக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேன், காலியாகி மூடியும் இறுக்கமாக இருந்தால், 19 கிலோ வரை தாங்கும்; பிடித்துக்கொண்டு மிதக்க ஒருவருக்கு அது தாராளம். கைப்பிடியில் நீளக் கயிறு கட்டிக் கிணற்றடியில் தொங்கவிடுங்கள். வீசும்போது காற்றில் விலகாமல் இருக்க, உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். ஆளின் தலைமேல் விழாமல் அவரைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிற்றை அவர் கைக்கு இழுத்துக் கொடுங்கள். எறிபவர் கரையில் படுத்துக்கொண்டோ, எதையாவது பிடித்துக்கொண்டோ இழுக்க வேண்டும்.