வரி இல்லாத இனிப்பு

கெப்பாலா பத்தாஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்துப் பெர்தாமிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவ, பல் மருத்துவக் கழகம் இருக்கிறது. அந்தத் தைரியமோ என்னவோ, தே தாரேக்கில் கெட்டிப்பால் தாராளமாகவே இறங்குகிறது.

2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 சென். போத்தலும் டின்னும் மாட்டிக்கொண்டன. கண்ணெதிரே ஆற்றிக் கொடுக்கும் தே தாரேக் தப்பித்தது. “அண்ணே, குராங் மானிஸ்” என்று சொல்லிப் பாருங்கள். “என்ன தம்பி, சர்க்கரை வியாதியா?” என்பார் கடைக்காரர் அனுதாபத்தோடு. பல்லுக்காக யாராவது இனிப்பைக் குறைப்பார்களா என்ன?

பல்லில் குடியிருக்கும் கிருமிகளுக்கோ எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை முறை குடித்தோம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு மடக்குக்கும் அமிலம் சுரக்கும். உமிழ்நீர் அதை அடக்க அரை மணி நேரமாவது பிடிக்கும். நாமோ ஒரே குவளையை வைத்துக்கொண்டு நாட்டு அரசியலை முழுதாகச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

பிள்ளைகள் பாடு தேவலை. பள்ளிப் பல் தாதியருக்குப் பினாங்கில் 1949லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. பல் தாதி சொன்னபடி பிள்ளை இரவில் ஃபுளோரைடு பற்பசை போட்டு ஒழுங்காகத் துலக்குகிறது. பூரித்துப்போன பாட்டி, சமர்த்து என்று கொஞ்சி, முந்தானையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுக்கிறார்.