ஒன்பது பேர் ஓட்டிப்போன 'ராஜா'

கடற்படைக்குக் காசில்லை என்றார்கள். இரண்டாம் சார்லஸ் ஆண்ட 1667ஆம் ஆண்டில், டச்சுக்காரர்களோடு போர் முடியாமலே இங்கிலாந்தின் பெரிய போர்க்கப்பல்களை மெட்வே ஆற்றில் கட்டிப்போட்டதற்குக் காரணம் இதுதான். மாலுமிக்கும் காசில்லை. மாதம் 24 ஷில்லிங் கூலிக்குப் பதில் ஒரு சீட்டை நீட்டினார்கள். வயிறு காய்ந்தவன் அதை லண்டன் தரகனிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கழிவு போக மிஞ்சியதை தேசபக்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் மாற்றத்துக்குச் செலவில்லை, அதில் மட்டும் சுறுசுறுப்பு. 1655இல் வுல்விச்சில் கட்டிய 80 பீரங்கிக் கப்பலின் பெயர் 'நேஸ்பி', சார்லஸின் அப்பா மண்ணைக் கவ்விய போர்க்களம். முகப்பில் குதிரைமேல், அந்த அப்பாவை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல்; குளம்படியில் ஆறு நாட்டார். 1660 மே மாதம் சார்லஸ் ஊர் திரும்ப ஏறியதும் அதிலேதான். ஏறினார், சாப்பிட்டார், தம்பியோடு உட்கார்ந்து பெயர்களைத் திருத்தினார். 'நேஸ்பி' 'ராயல் சார்லஸ்' ஆனது. 'ரிச்சர்ட்' 'ராயல் ஜேம்ஸ்' ஆனது. பலகையும் பீரங்கியும் பழையவையே. 1663இல் கிராம்வெல் சிலையை இறக்கிவிட்டு நெப்டியூனை ஏற்றினார்கள். அதற்குக் காசு கிடைத்தது!

1666 ஜூலையில் முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் கடற்படை அலுவலக முற்றத்தில் வந்து நின்றார்கள். கணவன்மார் ஹாலந்தில் சிறையில், வீட்டில் பட்டினி. உள்ளே கடற்படை வாரியத்தின் எழுத்தர் சாமுவேல் பெப்பீஸுக்கு வேறு கவலை. மாவுக்குள் மான்கறி பொதிந்த பண்டத்தைச் சுடக் கொடுத்தனுப்ப வேண்டும்; வழியில் இந்தப் பெண்கள் பாய்ந்துவிட்டால்? நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். வெட்கப்பட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஜூனில் டச்சுக்காரர்கள் மெட்வேக்குள் வந்தார்கள். கில்லிங்ஹாமில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலி அவர்களை நிறுத்தவில்லை. 'ராயல் சார்லஸ்' கப்பலைப் பிடிக்க ஒரு படகில் ஒன்பதே பேர் போனார்களாம். மேலே ஏறிப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. கொடியை இறக்கி, எக்காளத்தில் ஒரு தெருப்பாட்டை ஊதி, கப்பலை ஒருபக்கமாகச் சாய்த்து ஆழம் குறைந்த ஆற்றில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டச்சுக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்களும் கேட்டன. சீட்டுக்குப் போர் செய்து அலுத்தவர்கள், இப்போது ரொக்கத்துக்குச் செய்கிறோம் என்று கத்தினார்களாம். துரோகிகள் என்கிறீர்களா? பாக்கி வைத்தவனுக்கு என்ன பெயர்? 'ராயல் ஜேம்ஸ்', 'ராயல் ஓக்', 'லாயல் லண்டன்' மூன்றும் எரிந்த அன்றிரவு, ஒரு விருந்தில் மன்னரும் காதலியும் ஒரு விட்டில்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்ததாக லண்டனில் பேச்சு.

சரி, யாரையாவது உள்ளே போட வேண்டுமே! சாத்தம் கப்பல்துறை ஆணையர் பீட்டர் பெட் அகப்பட்டார். பறிபோன கப்பலைக் கட்டியவரின் அண்ணன். ஆபத்து நேரத்தில் படகில் ஏற்றி அவர் காப்பாற்றியது கப்பல்களின் மர மாதிரிகளை. கேட்டதற்கு, எதிரிக்குக் கப்பலைவிட மாதிரிதான் பெரிது என்றார். லண்டன் டவர் சிறை அவருக்குத் தகும். ஆனால் சீட்டை அச்சடித்தது அவரா? கப்பலைக் கட்டிப்போடச் சொன்னது அவரா?

காசில்லாத வாரியத்தின் எழுத்தர் பெப்பீஸ், டச்சுக்காரர் வந்த சேதி கேட்டதும் மனைவியிடமும் அப்பாவிடமும் 1,300 பவுண்டு தங்கம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். ஒரு மாலுமியின் ஆயிரம் மாதக் கூலிக்கு மேல். அதைப் பட்டப்பகலில், ஊரே கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் புதைத்தார்களாம். அதற்காக மனைவிமேல் கோபம். அக்டோபரில் விளக்கு பிடித்துத் தோண்டி, மண்ணைச் சலித்து, இருபது முப்பது காசு குறைந்ததோடு போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டார். 1668 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நின்று, சீட்டு விஷயத்தில் வாரியத்தின்மேல் பிழையே இல்லை என்று மூன்று மணி நேரம் பேசினார். சபை சொக்கிப்போனது. மறுநாள் பூங்காவில் மன்னரே பார்த்து, நேற்றைய வெற்றியில் தமக்கு மிகவும் சந்தோஷம் என்றார்.