பத்து கெஜக்காரர்

தேயிலைத் தோட்டங்களில் ஃபின்லே கம்பெனி போய் டாடா வந்தது, டாடா போய் கே.டி.எச்.பி. வந்தது. மூணாறில் எஸ்டேட் அணிகள் மோதிக்கொள்ளும் கால்பந்துக் கோப்பைக்கு மட்டும் இன்னும் ஃபின்லே பெயர்தான். அதைப் போலவே மாறாத இன்னொருவர் நம் பத்து கெஜக்காரர். ரிட்டயர்டு சூப்பர்வைசர். மங்கிக் குல்லா, முழுக்கை ஸ்வெட்டர், கக்கத்தில் குடை. மைதானக் கோட்டுக்கு வெளியே நிற்பதாகச் சொல்வார். ஷூவின் முனை எப்போதும் உள்ளேதான் இருக்கும்.

ஃபவுல், ஆஃப்சைடு எல்லாம் அவருக்குச் சில்லறை விவகாரம். விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்ததும்தான் உயிர் வரும். "சாரே, பத்து கெஜம்! சுவரைத் தள்ளு சாரே!" என்று குடையை நீட்டுவார். ரெஃபரி காலால் அளக்க அளக்க, இவரும் கோட்டோரம் கூடவே எட்டு வைத்து நடப்பார். இவருடைய எஸ்டேட் அடிக்கிற கிக் என்றால் ஒவ்வொரு எட்டும் ஓடையைத் தாண்டுகிற எட்டு. எதிரணி அடிக்கிறது என்றால் பாதம் பாதமாக வைத்து ஏழாவது எட்டிலேயே, "போதும் சாரே, இதுக்கு மேல போனா சுவரு கோலுக்குள்ள போயிரும்" என்பார்.

தூரம் 9.15 மீட்டர் என்பதை ஏற்கமாட்டார். அந்தப் பதினைந்து சென்டிமீட்டரை யாரோ கமிஷனாக வைத்ததாக அவருக்கு ஐயம். 1913 வரை ஆறு கெஜம்தான் இருந்தது என்று ரெஃபரி பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒருவன் சொன்னபோது, "பார்த்தியா, நம்ம பசங்க நின்னது பழைய கணக்கு" என்று உடனே கட்சி மாறினார். 2014 உலகக் கோப்பையில் ரெஃபரிகள் நுரை பீய்ச்சிக் கோடு போட்டதும் அவரை மயக்கவில்லை. "இந்த ஊருல எது நுரை, எது மஞ்சுன்னு யாரு கண்டா?"

அவருடைய நிரந்தர வழக்கு 2023 மார்ச் 3-ஆம் தேதியுடையது. பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். நாக் அவுட், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் கீப்பர் சுவரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். கோல் செல்லும் என்றார் ரெஃபரி. பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிப்போனார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை.

இதை டீக்கடை மேசையில் அவர் நடத்திக்காட்டுவதைப் பார்க்க வேண்டும். சர்க்கரை டப்பா சேத்ரி. பக்கத்தில் நிற்கும் பிளாஸ்டர்ஸ் வீரர் லூனா, பாதி குடித்த டீ கிளாஸ். அடுத்தவர் வாங்கிவைத்த பருப்பு வடைகள் நான்கும் சுவர். "இங்கன இருந்து இங்கன பத்து கெஜம் இருக்கா? சொல்லு மாப்ளே!"

"மாமா, அடிக்கிறவருக்கு அவசரம்னா தூரமே வேண்டாம். தூரம் அவருக்குக் கிடைக்கிற உரிமை. கேட்டாத்தான் ரெஃபரி அளந்து, விசில் ஊதுற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாரு. எதிராளி வேணும்னே கிக்கை அடிக்கவிடாமத் தடுத்தா அவருக்குத்தான் மஞ்ச அட்டை" என்றான் பையன்.

மாமா பதில் சொல்லவில்லை. சுவரிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

ஆளைத் திணற வைத்தது இந்த விதி மட்டுமல்ல, இன்னொன்றும் உண்டு. பெட்டிக்குள் இன்டைரக்ட் கிக் விழுந்து, கோல் பத்து கெஜத்துக்குள் இருந்தால், எதிரணி மொத்தமும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கோல்கோட்டிலேயே நிற்கலாம். ஒருமுறை அப்படிப் பதினொரு பேரும் வரிசையாக நின்றதைப் பார்த்து, மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். ரெஃபரி வெளியே அனுப்பினார். வெளியே நின்று, அந்தத் தூரத்தையும் அளந்தார்.

பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் மகள் வீட்டுக்குப் போனால் அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். மைதானம் சின்னது, கேலரி மூக்குக்கு நேரே. பத்து கெஜம் தள்ளினால் சுவர் கடலைக்காரர் மடியில்தான் உட்கார வேண்டும். அங்கேயும் கத்துகிறாராம்.

மூணாறில் ஆட்டம் பார்க்கப் போய், குடையும் குல்லாவுமாக ஒருவர் பக்கத்தில் நின்றால், விதியைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எந்த எஸ்டேட் என்று முதலில் கேளுங்கள். கையில் வடை இருந்தால் தின்றுவிட்டுக் கேளுங்கள்.