கப்பலை அனுப்பிவிட்டுப் போட்ட திட்டம்

அனுப்புநர்:
வங்கக் கடலோரத்தில் பருவமழையை நம்பிப் பிழைப்பவன்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை,
அலெக்சாண்டிரியா, வர்ஜீனியா

பொருள்: கடலடி மாதிரி சேகரிப்பு – வருங்காலத் திட்டம் – கப்பல் இன்றியே திட்டமிட்டமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் 2023 மார்ச் மாத அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்னும் துளையிடும் கப்பலின் ஒப்பந்தத்தை 2024 செப்டம்பருக்குப் பின் நீட்டிக்கப் போவதில்லை என்று பார்வையில் கண்ட அறிவிப்பில் தெரிவித்திருந்தீர்கள். சொன்ன தேதியில் செய்தும் காட்டினீர்கள். தேதி தவறாமல் முடிந்த அரசுப் பணி என்று நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான். கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று; இனிக் கடலடியை எதைக் கொண்டு துளைப்பது என்பதற்குக் குழு, அறிக்கை, கலந்தாய்வு எல்லாம் முறைப்படி நடக்கின்றன. இதைத் தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள் எங்கள் பாட்டிமார். பாவம், அவர்களுக்கு நிர்வாகம் தெரியாது.

அந்தக் கப்பல் 1978இல் எண்ணெய் தேடக் கட்டப்பட்டது. 1985 முதல் அறிவியலுக்கு உழைத்தது. செய்த வேலை என்னவோ சேறு அள்ளுவதுதான். கடலடிக்குள் இறங்கும் குழாய் ஒரு முறைக்கு ஒன்பதரை மீட்டர் நீளச் சேற்று உருளையைக் கொண்டுவரும். அதற்குப் பெயர் கோர். மேலே வந்ததும் ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆவணத்துக்கு. மறு பாதியில்தான் விஞ்ஞானிகளின் கரண்டி படலாம்.

1997இல் ஃபுளோரிடாவுக்குக் கிழக்கே எடுத்த ஒரு கோரில், அடியில் வெளிறிய சுண்ணச் சேறு இருக்கிறது. அதன்மேல் பச்சை சாம்பல் கலந்த மணிகள் ஓர் அடுக்கு. அதற்கும் மேல் துருநிறத்தில் மெல்லிய கோடு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்த கதை அந்த ஒரு முழ நீளத்துக்குள் அடங்கிவிட்டது. இத்தனை சுருக்கமான அறிக்கையை எந்தக் குழுவும் எழுதியதில்லை என்பதால், தங்களுக்கு அதன் மேல் வருத்தம் இருப்பது இயல்பே.

காரணம் பணம் என்றீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவு, விலைவாசி ஏறுகிறது, கூட்டாளி நாடுகள் பங்கை உயர்த்தவில்லை. நியாயமான கவலை. கப்பலையே அனுப்பிவிட்டதால் இனி அவர்கள் பங்கு தர மறுக்கவே முடியாது. 2028 வரையாவது ஓடும் என்று நம்பியிருந்த விஞ்ஞானிகளுக்குத்தான் கணக்கு புரியவில்லை.

தங்கள் பொறுமையும் போற்றத்தக்கது. பூமியின் மேலோட்டைத் துளைத்து அதன் கீழுள்ள மூடகத்தைத் தொடும் மொஹோல் திட்டத்துக்குத் தாங்களே நிதி தந்து, 1961இல் சோதனைத் துளைகளைப் போட வைத்தீர்கள். மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே நடந்த சோதனையைப் பார்த்து எழுத நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கும் கப்பலேறினார். செலவு ஏறியது; 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. பிறகு 2023இல், கப்பலை நிறுத்தும் முடிவு வெளியான சில மாதங்களிலேயே, அட்லாண்டிக்கின் நடுவே மூடகப் பாறையில் 1,268 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு வந்தது ஜாய்டீஸ் ரெசல்யூஷன். அதற்கு முந்தைய சாதனை சுமார் 200 மீட்டர். ஓய்வு ஆணை பெற்ற பிறகு இப்படி வேலை செய்யும் ஊழியரை எந்த அலுவலகம்தான் பொறுத்துக்கொள்ளும்?

புதிய கோர் இல்லாவிட்டால் என்ன, கிடங்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பழைய கோர் இருக்கிறதே என்கிறார்கள். உண்மைதான். டெக்சஸிலும் ஜெர்மனியின் பிரேமனிலும் ஜப்பானின் கொச்சியிலும் அவை குளிரில் பத்திரமாக இருக்கின்றன. எல்லோரும் விரும்பும் அடுக்குகளில் மட்டும் ஆய்வுப் பாதியைக் கரண்டி போட்டுக் கரண்டி போட்டே தீர்த்துவிட்டார்கள். அந்தந்தக் காலக் கேள்விக்கு எடுத்த சேறு எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது. நிலநடுக்கப் பிளவின் அழுத்தத்தை அளக்கத் துளைக்குள் கருவியை இறக்கி மூட வேண்டும், அதை அலமாரியில் செய்ய முடியாது. இதையெல்லாம் உங்கள் நாட்டு அறிவியல் அகாடமிகளின் குழுவே 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் குழு சொன்னதைக் கேட்டால் அடுத்த குழுவுக்கு வேலை இருக்காதே.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 2014–15இல் இதே கப்பல் மகாநதி முகத்துக்கு எதிரே வங்கக் கடலடியைத் துளைத்தது. அந்தச் சேற்றிலிருந்து 9 லட்சம் ஆண்டுகளின் கோடை மழையைக் கணக்கிட்டார்கள்: காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய காலங்களில் மழையும் வலுத்திருக்கிறது. அது தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. எங்கள் ஏரிகளை நிரப்பும் வடகிழக்குப் பருவமழைக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும் என்று ஆசை. அதற்கு வேறு இடத்தில் வேறு துளை போட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

மாற்று ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2025இல் ஐரோப்பியரோடு கைகோத்து, நியூ இங்கிலாந்து கரைக்கு அப்பால் கடலடியில் ஒளிந்திருக்கும் நன்னீரைத் தேடினீர்கள். நல்ல வேலை. வாடகைக்கு எடுத்த மேடை கடலடியில் காலூன்றி நின்று துளைத்தது. நாலு கிலோமீட்டர் ஆழக் கடலுக்கும் அதே ஏற்பாடு என்றால், கால்களைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 2025இல் தங்கள் புதிய துளைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டன. சீனா 2024 நவம்பரில் மெங்சியாங் என்ற துளையிடும் கப்பலைப் பணியில் சேர்த்துவிட்டது; 11 கிலோமீட்டர் வரை துளைக்க வல்லது என்கிறார்கள். அவர்கள் திட்ட அறிக்கைக்கு முன் கப்பலைக் கட்டிவிட்ட அவசரக்காரர்கள்.

ஒரே ஓர் ஐயம். ஆடும் கப்பலிலிருந்து கிலோமீட்டர்க் கணக்கில் குழாயை இறக்கி, முன்பு போட்ட அதே துளைக்குள் மறுபடி நுழைக்கத் தெரிந்த கைகள் சில இருந்தன. கப்பல் போனதும் அவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களையும் கோர்களோடு 4 டிகிரி குளிரில் அடுக்கி வைக்கலாமா என்று தெரியவில்லை. தென் பசிபிக்கில் இதே கப்பல் எடுத்த 10 கோடி ஆண்டுப் பழைய சேற்றில் இருந்த நுண்ணுயிர்கள், ஆய்வகத்தில் உணவு வைத்ததும் விழித்துப் பெருகின. துளையிடும் தொழிலாளருக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

ஆகவே பணிந்து கேட்டுக்கொள்வது:

1. அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் கப்பலின் பெயரையும் அது புறப்படும் ஆண்டையும் எழுதவும். மற்றப் பக்கங்களை நாங்களே ஊகித்துக்கொள்கிறோம்.

2. அதுவரை துளைக்கத் தெரிந்தவர்களை, யாருடைய கப்பலிலாவது ஏற்றி, பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

3. இரண்டும் இயலாதெனில், கடல் மட்டத்தையும் பருவமழையையும் தங்கள் குழு கூடி முடிவெடுக்கும் வரை மாறாமல் இருக்குமாறு ஆணையிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பவன்

நகல்: தென் பசிபிக் நுண்ணுயிர்கள் – தகவலுக்காக. பதில் வரத் தாமதமானால் தாங்கக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே.