அட்டை வைத்தியம்

அந்தக் காலத்தில் அட்டையை விட்டு வைத்தியம் பார்த்தார்கள். இப்போது அட்டையை வைத்தே வைத்தியம் படிக்கிறார்களாமே? அதில் மனப்பாடம் ஏறும், பாடம் புரியுமா?

அந்த அட்டை ரத்தத்தை வெளியே எடுக்கும். ஃபிளாஷ் கார்டு மண்டையில் இருப்பதை வெளியே எடுக்கும். புரிவது முன்பக்கத்துக் கேள்வியைப் பொறுத்தது.

'ஏஸ் இன்ஹிபிட்டர் மாத்திரையின் பக்கவிளைவுகள் யாவை?' என்றால் பட்டியல்தான் வரும். 'அந்த மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏன் ஏறுகிறது?' என்று கேட்டு எழுதட்டும். ஆஞ்சியோடென்சின்-2 குறைகிறது, அதனால் ஆல்டோஸ்டிரோன் குறைகிறது, சிறுநீரில் போகவேண்டிய பொட்டாசியம் உடம்பிலேயே தங்குகிறது. இதைப் பார்க்காமல் சொல்லி முடித்த மாணவிக்குச் சிறுநீரகத்தின் ஒரு மூலை விளங்கிவிட்டது!

2011-ல் 'சயன்ஸ்' இதழில் கார்ப்பிக்கி, பிளன்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்த்தபடியே கருத்துப்படம் வரைந்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து வந்த தேர்வில் முந்தினார்கள். யோசித்து ஊகிக்கவேண்டிய கேள்விகளிலும் அப்படித்தான். அவர்கள் கையில் கார்டு இல்லை; ஆனால் கார்டு செய்வதும் அதே வேலைதான்.

எத்தனை முறை புரட்டினாலும் ஒரு கார்டு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறதே?

மருத்துவ மாணவர்கள் விரும்பும் 'ஆங்கி' செயலியில், வழக்கமான அமைப்பின்படி எட்டு முறை மறந்த கார்டுக்கு 'லீச்' என்று முத்திரை விழும். தமிழில் அதுவும் அட்டைதான்!

ஒன்பதாவது முறை புரட்டவேண்டாம். பாடநூலைத் திறந்து, சிறுநீரகக் கார்டு என்றால் நெஃப்ரான் படத்தைத் தன் கையாலேயே ஒருமுறை வரைந்துவிட்டு, அந்தக் கார்டை இரண்டு சின்னக் கேள்விகளாகப் பிரித்து எழுதட்டும்.