எண்ணாத பெருந்தன்மை

புனேக்குப் புதிதாக வரும் தமிழர் ‘புணேரி பாட்டி’ என்று கேள்விப்பட்டால் மூக்குத்தி போட்ட கிழவி யாரையோ தேடுவார். மராத்தியில் பாட்டி என்றால் பலகை. வீட்டு வாசலிலும் கல்லாப்பெட்டிக்கு மேலும் தொங்குகிற அறிவிப்புப் பலகை. அழைப்புமணியை ஒரு தடவை அழுத்தினால் போதும், உள்ளே இருப்பவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்கிற ரகம். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. படித்துவிட்டுப் பத்தடி போன பிறகுதான் சுருக்கென்று தைக்கும். வாய் என்னவோ நம் பாட்டியுடையதேதான். இந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் அந்தப் பலகை நாக்கு எனக்கும் வந்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். அபாண்டம். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் கலப்படமில்லாத பாராட்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அணியில் ஹாக்கி ஆடுகிறாள். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “ஹாக்கி புக் ஏதாவது வாங்கிக் குடுங்க மாமா” என்றாள். எவ்வளவு சின்ன ஆசை! அதுவும் நாங்கள் இருப்பது கட்கியில். பழைய ஆட்கள் இன்னும் கிர்க்கி என்றே சொல்வார்கள். 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற ஊர். பட்டாளத்தையும் தொழிற்சாலையையும் நம்பித் தமிழ்க் குடும்பங்கள் வந்து தங்கிய ஊர். இங்கே ஆர்டினன்ஸ் ஃபேக்டரி மைதானத்தைப் பராமரித்தவர் நாகலிங்கம் பிள்ளை. அவருக்கும் ஆண்டாளம்மாவுக்கும் 1968 ஜூலை 16 அன்று பிறந்த நாலாவது மகன்தான் தன்ராஜ். பெயரிலாவது தனம் இருக்கட்டும் என்று வைத்ததாம். ஒடிந்த மட்டையும் பெரியவர்கள் கழித்துப்போட்ட பந்துமாக, குவார்ட்டர்ஸ் சேற்றில் ஆடிப் பழகி, நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என்று போய் வந்தவர். அவர் பிறந்த ஊரில் ஹாக்கிப் புத்தகத்துக்கா பஞ்சம் என்று ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

அப்பா பல்வந்த் சௌக் புனேயின் புத்தகச் சந்தை. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நடைபாதைப் பழைய புத்தகக்காரர் நீலத் தார்ப்பாயை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க அதன் நான்கு மூலையிலும் கனம் வைத்திருந்தார். மூன்று மூலையில் செங்கல். நாலாவதில் ஒரு தலையணைப் புத்தகம். எடுத்துப் பார்த்தால் பேஸ்பால் கலைக்களஞ்சியம். ஏதோ ஓர் அமெரிக்க ஊர் நூலகத்தின் முத்திரை, அதன் மேலேயே குறுக்காகக் கழித்துக்கட்டிய முத்திரை. கிலோக் கணக்கில் வந்த சரக்கு. நனைந்த ஓரம் அப்பளம் மாதிரி அலையலையாக எழும்பியிருந்தது. உள்ளே ஒரு ஆளுக்கு ஒரு பத்தி என்று எறும்பு ஊர்ந்தாற்போல் எண்கள். எத்தனை ஆட்டம், எத்தனை தடவை மட்டை பிடித்தான், எத்தனை அடித்தான், எத்தனை தடவை பந்தைக் கோட்டைவிட்டான், எல்லாம்.

அமெரிக்கர்களின் அற்பத்தனத்தை அன்றுதான் நேரில் கண்டேன். ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர் 1859-லேயே ஆட்டத்தைக் கட்டம் போட்டுக் கணக்கெழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டார். அது முதல் அடகுக்கடைக்காரர் போல எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். ஆர்ச்சிபால்டு கிரஹாம் என்று ஒருவர். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கினார். மட்டை பிடிக்கும் முறைகூட வரவில்லை. அதன்பின் டாக்டராகி ஒரு சின்ன ஊரில் வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். நாமாக இருந்தால் கண்ணியமாக மறந்திருப்போம். அவர்கள் அந்தப் பூஜ்யத்துக்கும் ஒரு வரி ஒதுக்கினார்கள். அந்த ஒற்றை வரி கின்செல்லா என்ற கனடா எழுத்தாளர் கண்ணில் பட்டு, 1982-இல் அவர் எழுதிய நாவலுக்குள் அந்த டாக்டர் நுழைந்து, 1989-இல் சினிமாவுக்கும் போய்விட்டார். கன்சாஸில் பில் ஜேம்ஸ் என்பவர் டப்பா உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலாளி. திருடன் வராத நேரத்தில் பேஸ்பால் எண்களைக் கூட்டிக் கழித்து 1977-இல் தானே ஒரு புத்தகம் போட்டார். 75 பிரதிதான் விற்றது என்பார்கள். அந்தக் காவலாளியின் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் 2002-இல் ஓக்லண்ட் அணி, நியூயார்க் யாங்கீஸ் சம்பளத்துக்குக் கொட்டியதில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. அதற்கும் ஒரு புத்தகம்: மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘மணிபால்’. ஒரு இனம் இப்படியா எழுதிக் குவிக்கும்?

நம் பெருந்தன்மையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்ராஜ் பிள்ளை 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக 339 ஆட்டம் ஆடினார். எத்தனை கோல் போட்டார்? 170-க்கு மேல் என்று சொல்கிறார்கள். ‘மேல்’ என்றால் எவ்வளவு மேல் என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல முடியாது. இந்திய ஹாக்கி சம்மேளனம் கோல் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கர்ணன் கணக்கு வைத்தானா? கொடுத்ததை எண்ணுவது அற்பர் வேலை என்று சம்மேளனத்துக்குத் தெரிந்திருக்கிறது. தியான்சந்த் விஷயத்திலும் இதே தாராளம்தான். 400 என்பார் ஒருவர், 570 என்பார் இன்னொருவர், ஆயிரம் என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். அவரவர் பக்திக்கேற்ற எண்ணிக்கை. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்று வென்றதில் ரூப் சிங் 10, அண்ணன் தியான்சந்த் 8 என்று மட்டும் எப்படித் துல்லியமாகத் தெரிகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆட்டம் நடந்தது எண்ணத் தெரிந்தவர்கள் ஊரில்.

தார்ப்பாய்க்காரரிடம் விலை கேட்டேன். “அதைக் கொடுத்துட்டா மூலைக்கு என்ன வைப்பேன்?” என்றார். பேஸ்பால் புத்தகத்துக்கு புனேயில் இவ்வளவு உறுதியான உபயோகம் இருப்பதைக் கண்டு மனம் நிறைந்து, பக்கத்துக் கடைக்குள் ஏறினேன். பெயர் வேண்டாம், நல்ல கடை. மாடிப்படிக்குக் கீழே விளையாட்டு அலமாரி. கண்ணாடித்தாள் பிரிக்காத கிரிக்கெட் சுயசரிதைகள், பந்து வீசியவர், மட்டை பிடித்தவர், பயிற்சி கொடுத்தவர், பக்கத்திலிருந்து பார்த்தவர் என்று ஒருவர் பாக்கியில்லை. கிரிக்கெட்டுக்கென்று தனி அருங்காட்சியகமே இருக்கிற ஊரல்லவா, 2012-இல் டெண்டுல்கர் வந்து திறந்துவைத்தது. குறை சொல்ல முடியாது.

“ஹாக்கி இருக்கா தம்பி?” என்றேன், எனக்குத் தெரிந்த மராத்தியில். கடைப்பையன் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தான். கென் டிரைடன் 1983-இல் எழுதியது. மான்ட்ரியல் அணியின் கோல்கீப்பர், ஆறு முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர், சட்டம் படித்தவர், பிரமாதமான புத்தகம். ஆனால் அது பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஹாக்கி. “இது ஐஸ் ஹாக்கிப்பா” என்றேன். “ஹாக்கிதானே காகா?” என்றான். கட்கி அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். மான்ட்ரியல் அதைவிடப் பக்கம் என்று கருதும் பரந்த மனசு எத்தனை கடைக்கு வாய்க்கும்? ‘மணிபால்’ எங்கே என்று கேட்டதும் மேனேஜ்மென்ட் பகுதியைக் காட்டினான். ஹிஞ்சவாடி ஐ.டி. கம்பெனிகளின் மேலாளர்கள் வாங்கிப்போய்த் தம் கீழ் வேலை செய்பவர்களுக்குப் பரிசளிப்பார்களாம். பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் எங்கே நிற்பான் என்று அவர்களில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை. செலவைக் குறைத்து ஜெயிப்பது எப்படி என்பதுதான் விஷயம். அது நன்றாகவே புரிந்திருக்கிறது.

இந்திய ஹாக்கிக்குப் புத்தகமே இல்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருக்கின்றன. தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், உள்ளே போக வேண்டியதில்லை. தியான்சந்தின் சுயசரிதை ‘கோல்’, 1952-இல் நம் சென்னையில்தான் வந்தது, ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகைக்காரர்கள் போட்டது. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பல்பீர் சிங், 1977-இல் ‘தி கோல்டன் ஹாட்ரிக்’. 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிராகத் தாயத்தை முத்தமிட்டுக் கோலடித்துத் தேசத்தைக் காப்பாற்றிய அஸ்லம் ஷேர் கான், 1982-இல் எழுதியதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘ஹாக்கி நாசமாய்ப் போகட்டும்’. தன்ராஜைப் பற்றி சந்தீப் மிஸ்ரா 2007-இல் எழுதியது ‘ஃபர்கிவ் மீ அம்மா’. கோல் என்று தொடங்கி, அம்மா என்னை மன்னித்துவிடு என்பதில் வந்து நிற்கிறது. இவ்வளவு சுருக்கமாக ஒரு விளையாட்டின் வரலாற்றை அட்டைகளிலேயே எழுதி முடித்த தேசம் வேறு இருந்தால் காட்டுங்கள். அந்தக் கடைசி அட்டையில் ‘அம்மா’ என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது என்பது நமக்கு உபரிப் பெருமை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும்படி அப்படி என்னதான் நடந்தது? ஒன்றுமில்லை, உபசாரம்தான் கொஞ்சம் அதிகம். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் 32 வருஷத்துக்குப் பிறகு தங்கம் கிடைத்தது. ஆட்டச் சம்பளம், வசதி என்று வீரர்கள் வாய் திறந்தார்கள். ஊர் திரும்பியதும் அவருக்கும் மூத்தவர்கள் சிலருக்கும் அணியில் இடமில்லை. காரணம் கேட்டதற்கு, ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றார்கள். கேட்காமலே ஓய்வு கொடுக்கும் முதலாளி யாருக்குக் கிடைப்பார்! 2004 ஏதென்ஸ் அவருடைய நாலாவது ஒலிம்பிக். ஏழாம் இடத்துக்கான கடைசி ஆட்டத்தில், கடைசிச் சில நிமிடங்களுக்கு இறக்கிவிட்டார்கள். முப்பத்தாறு வயது உடம்பு களைத்துப்போகுமே என்ற கரிசனம்.

பல்பீர் சிங்குக்குக் கிடைத்த கரிசனம் இன்னும் ஒரு படி மேல். அருங்காட்சியகம் வரப்போகிறது என்று 1985-இல் தன் மெல்போர்ன் ஒலிம்பிக் கோட்டு, 36 பதக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எல்லாவற்றையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். 2012-இல் எங்கே என்று விசாரித்தால், இல்லை. அவர் 2020-இல் காலமாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பூஞ்சை பிடிக்கக் கூடாது, கரையான் அரிக்கக் கூடாது, களவு போகக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொருளே இல்லாமல் செய்துவிடுவதைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை.

பதிலுக்கு நாம் பெயர் வைக்கிறோம். அதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தியான்சந்த் பிறந்த நாளான ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். 2021 முதல் கேல் ரத்னா விருதுக்கும் அவர் பெயர். பிம்பிரி நேரு நகரில் எதிர்வீட்டுப் பெண் ஆடப் போகும் ஹாக்கி மைதானத்துக்கும் அவர் பெயர்தான். வாசல் வளைவில் பெரிய எழுத்து. ஆள் எப்படி ஆடினார் என்று படிக்க வேண்டுமென்றால் அந்த வளைவை இரண்டாம் தடவை படித்துக்கொள்ளலாம்.

தொண்டைமான் தன் ஆயுதசாலையைச் சுற்றிக்காட்டியபோது ஔவை என்ன பாராட்டினாள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உங்களுடையது பளபளக்கிறது, எங்கள் அதியமானுடையது ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றாள். அவளும் பாட்டிதான். அந்தக் கடைக்குள் நின்று கண்ணாடித்தாள் சுற்றிய சுயசரிதைகளைப் பார்த்தபோது கிர்க்கி குவார்ட்டர்ஸின் ஒடிந்த மட்டை ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாராட்ட வந்த இடத்தில் எதற்கு?

மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. புனேயில் ஒன்றிலிருந்து நான்கு வரை பல கடைகளுக்கு மதியத் தூக்கம். அதற்கும் வாசலில் ஒரு பாட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு போக மனமில்லாமல், “ஹாக்கி என்று பேர் இருக்கிற எதுவானாலும் சரி” என்றேன். பையன் முகம் மலர்ந்தது. “முதல்லயே சொல்லக் கூடாதா காகா?” என்று முன்மேஜையிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டான். போட்டித்தேர்வு வழிகாட்டி. அந்தக் கடையின் உயிர்நாடி அதுதான். விளையாட்டு அலமாரி மாடிப்படிக்கு முட்டுக்கொடுக்கத்தான். புரட்டினேன். ஹாக்கி இரண்டு பக்கம் இருந்தது. மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஒரு அணிக்கு 11 பேர். இந்தியா வென்ற ஒலிம்பிக் தங்கம் எட்டு. லட்சக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து மனப்பாடம் செய்கிற பக்கங்கள். ஹாக்கிக்கு வாசகர் இல்லை என்று சொன்னவன் வாயில் மண்.

அவனே எம்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவனாம். சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. “தம்பி, ‘கோல்’ இருக்கா?” என்றேன்.

கண் இமைக்கவில்லை. “‘கோல்’ யாருடைய சுயசரிதை? மேஜர் தியான்சந்த். ஆப்ஷன் பி.”

“சரிதான். அந்தப் புத்தகம் இருக்கா?”

ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். கேலியில்லை, நிஜமான ஆச்சரியம்.

“அது புத்தகமாவே இருக்கா, காகா?”